யாருக்குப் பாதையில்லை? எல்லைக் கிராமங்களும் 'ஆஃப்-ரோடு' சுற்றுலாவும்

அண்மைக் காலமாக எல்லைப் பகுதி நண்பர்களின் பக்கங்களில் ஓர் ஆலோசனை சுற்றி வருகிறது. மூணாறிலும் வாகமண்ணிலும் நடப்பதைப் போன்ற சாகசச் சுற்றுலா பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களுக்கும் வர வேண்டுமாம். ரப்பர்த் தோட்டம், ஏலா, குளம், ஓடை, குன்று அனைத்தும் இங்கே இருக்கின்றன; கோவளமும் பூவாறும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன; வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கர வண்டிகளில் பயணிகள் ஊருக்குள் ஒரு மணி நேரம் சுற்றிவந்தால் ஊரும் பிழைக்கும், இளைஞர்க்கும் வேலை கிடைக்கும் என்பது வாதம். இதை எழுதுவோர் ஊர்மீது அக்கறை உள்ளவர்கள். ஆதலால் ஏளனமாக ஒரு வரி எழுதி ஒதுக்கிவிடாமல், விரிவாகவே மறுக்கிறேன்.

1.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஆஃப்-ரோடு' என்றால் சாலைக்கு வெளியே என்று பொருள். எந்தச் சாலைக்கு வெளியே? களியக்காவிளையைக் கடந்து இஞ்சிவிளை, பாறசாலை வழியாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலைக்கு வெளியே. காரோட்டில் வந்து முடியும் புதிய கான்கிரீட் புறவழிச்சாலைக்கு வெளியே. காரில் வருபவருக்கு அதற்கப்பால் இருப்பது பாதையில்லாப் பரப்பு. அங்கே வாழ்பவருக்கோ அது முழுவதும் பாதைதான். இரு விளைகளுக்கு நடுவே மண்சுவர் காத்து நிற்கும் இடவழி, ஏலாவின் நடுவரப்பு, சானல் கரை, ரப்பர் மரங்களுக்கிடையே பால்வெட்டுவோரின் கால்பட்டுத் தேய்ந்த தடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு பெயரும் ஒரு பயனும் ஒரு நேரமும் உண்டு.

விடியுமுன் தலைவிளக்கோடு பால்வெட்டுக்குப் போகிறவர், காலையில் பால் சங்கத்துக்குத் தூக்குப் பாத்திரத்தோடு நடப்பவர், அதன்பின் பள்ளிப் பிள்ளைகள், பின்னர் தொழிலுறுதித் திட்ட வேலைக்குக் கூட்டமாகச் செல்லும் பெண்கள், ஞாயிறன்று ஆலயத்துக்குச் செல்வோர், திருவிழாக் காலத்தில் கோயிலுக்குச் செல்வோர் என ஒரே இடவழியைப் பகல் முழுவதும் மாறி மாறிப் பலர் பயன்படுத்துகின்றனர். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம் அதற்கு. அந்த ஒதுங்கலில் ஒரு நலவிசாரிப்பும் நடக்கும். முந்நூறு கிலோ எடையுள்ள ஏ.டி.வி. வண்டிகள் ஐந்தாறு வரிசையாக எதிரே வந்தால் ஒதுங்குவது எங்கே? நடப்பவர் சுவரோடு ஒட்டி நின்று புகையையும் சேற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பயணி பணம் கொடுத்து வாங்கும் சாகசத்தில் வழிநடைக்காரருக்கு வந்து சேரும் பங்கு அதுதான்.

2.

பாதை என்பது இந்த மண்ணில் எளிய சொல் அன்று. நெய்யாற்றின்கரைக்கு மேற்கே, விழிஞ்ஞத்தை ஒட்டிய வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் ஒரு வில்லுவண்டியில் ஏறிப் பொதுவழியில் சென்றார். மாட்டுவண்டியில் ஒரு மனிதர் செல்வது செய்தியாகுமா? அன்று ஆயிற்று. ஏனெனில் புலையர்க்கு அந்த வழி மறுக்கப்பட்டிருந்தது. பின்னர் வழிநடை உரிமைக்காகத் தோழர்களோடு நடந்து சென்றபோது பாலராமபுரத்தில் மோதல் வெடித்தது. அடிபட்டவர்கள் பின்வாங்கவில்லை. 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய வைக்கம் போராட்டமும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே நடந்தது. பெரியார் அங்கே சென்று சிறைப்பட்டதைத் தமிழர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

திருவிதாங்கூரின் சமூக வரலாற்றைப் பாதைகளின் வரலாறாகவே எழுதிவிடலாம். வழி எல்லார்க்கும் பொது என்ற நிலை அரசர் மனமிரங்கித் தந்த கொடை அன்று, அடிபட்டுப் பெற்றது. அந்த வழியைக் கட்டணம் கொடுத்தவரின் கேளிக்கைக்கு மணிக்கணக்கில் ஒப்படைக்கும்போது, சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட ஒன்று பணத்தின் பெயரால் மீண்டும் சுருங்குகிறது. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. கொடுமையின் அளவில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. ஆனால் 'ஒதுங்கி நில்' என்று கேட்கப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அன்றைக்கு ஒதுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்றும் அந்த இடவழிகளில் நடக்கின்றனர். நிலமும் காரும் உடையவர்கள் தார்ச்சாலையோரத்துக்கு எப்போதோ குடிபெயர்ந்துவிட்டனர்.

1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஊரின் பொதுப்பாதைகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளவை. அவை எந்தச் சுற்றுலா நிறுவனத்தின் மூலதனமும் ஆகா.

3.

'இடுக்கி பிழைக்கவில்லையா?' என்று கேட்கிறார்கள். இடுக்கியையே பார்ப்போம்.

2022 மே மாதம் வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆஃப்-ரோடு பந்தயம் நடந்தது. திரைநடிகர் ஒருவரும் கலந்துகொண்டதால் செய்தி பெரிதாயிற்று. காவல்துறையும் மோட்டார் வாகனத்துறையும் நடவடிக்கை எடுத்தன. அப்போது எழுந்த கேள்விகளில் முதன்மையானது நிலத்தைப் பற்றியது. கேரள நில உச்சவரம்புச் சட்டத்தில் தோட்டப் பயிர் நிலத்துக்கு விலக்கு உண்டு. பயிர்த்தொழிலுக்காகத் தரப்பட்ட அந்த விலக்கில் பந்தயத் தடம் எப்படி அடங்கும்? எல்லைக் கிராமங்களில் இருப்பவை பெரும்பாலும் சிறு உடைமைகள் என்பதால் அந்தக் கேள்வி இங்கே அதே வடிவில் எழாது. ஆனால் ஏலாவைத் தொடும்போது 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் எழும். சேற்றுத் தடம் அமைக்க வயலை மேடுபள்ளமாக்குவதும் நிலத்தின் தன்மையை மாற்றுவதே.

2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளையும் ஆஃப்-ரோடு பயணங்களையும் தடை செய்தது. விபத்துகளும் உரிய அனுமதியின்றி ஓடிய வண்டிகளுமே காரணம். பின்னர் குறிப்பிட்ட தடங்களில் மட்டும் நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. இந்தத் தடையால் வருமானம் இழந்தவர்கள் யார்? வண்டிக் கடனுக்கு மாதத் தவணை கட்டும் ஓட்டுநர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுவோரில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழர்கள் பலர். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப் செல்லும் வழியோ கேரளத்தில் இருக்கிறது. ஒழுங்குமுறை முதலிலேயே வந்திருந்தால் ஒரே நாளில் அடுப்பணைக்கும் தடை தேவைப்பட்டிராது. ஆண்டுக்கணக்காகக் கண்ணை மூடிக்கொண்டு, உயிர்போன பின் ஒரே ஆணையில் கதவைச் சாத்துவதுதான் இந்தத் தொழில் இதுவரை கண்ட ஆட்சிமுறை. நாம் இறக்குமதி செய்ய நினைப்பது அந்த முறையையும் சேர்த்துத்தான்.

மேலும் கொழுக்குமலை ஜீப்பில் ஓட்டுநர் உள்ளூர்க்காரர். வளைவும் சரிவும் அவருக்குப் பழக்கம். பயணி வெறுமனே அமர்ந்திருப்பவர். ஏ.டி.வி. சுற்றுலாவில் வண்டியை ஓட்டுபவரே பயணி. ஐந்து நிமிடப் பயிற்சியில் வண்டியைக் கைக்கொண்ட அயலூரார் நம் இடவழியில் வருகிறார். வழிகாட்டியோ முன்னால் வேறு வண்டியில் இருக்கிறார். பின்னால் வருபவரின் கைவிசையை அவரால் கட்டுப்படுத்த முடியாது.

4.

அந்த வண்டியைப் பற்றி உலகம் ஏற்கெனவே அறிந்தவற்றை இங்கே எவரும் பேசுவதில்லை. அகலம் குறைவு, எடைமையம் உயரம், சக்கரம் பருமன். இம்மூன்றும் சேர்ந்து சரிவில் எளிதாகக் கவிழச் செய்கின்றன. கவிழ்ந்தால் ஓட்டுபவர் மேலேயே விழும். அமெரிக்காவில் 1988இல் உற்பத்தியாளர்களும் அரசும் நீதிமன்றத்தின் முன் உடன்பாடு செய்துகொண்டனர். மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அத்தோடு நின்றது. ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் தொடர்ந்து நேர்ந்த மரணங்களின் விளைவாக, 2021 அக்டோபர் முதல் புதிய குவாட் பைக்குகளில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயமாயிற்று. அதை ஏற்க மறுத்து ஹோண்டாவும் யமஹாவும் அந்நாட்டுச் சந்தையில் அந்த வண்டிகளை விற்பதையே கைவிட்டன. பரந்த புல்வெளிப் பண்ணையில், பழகிய உழவரின் கையிலேயே இவ்வாறு என்றால், செம்புறைக்கல் வெட்டிய குழியும் கிணறும் அருகருகே இருக்கும் விளைகளில், பழகாதவர் கையில் எவ்வாறு இருக்கும்?

சட்டத்தின் நிலை இன்னும் சிக்கலானது. தொழிற்சாலையிலோ அடைக்கப்பட்ட வளாகத்திலோ மட்டும் பயன்படும் தனிவகை வண்டிகளை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. வேலிக்குள் ஓடும்வரை அந்த விலக்கைச் சொல்லிக்கொள்ளலாம். வேலியைத் தாண்டிப் பஞ்சாயத்துப் பாதையில் சக்கரம் பட்டதும் பதிவு வேண்டும், எண் வேண்டும், ஓட்டுநர் உரிமம் வேண்டும், மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டும். சுற்றுலாவுக்காக விற்கப்படும் ஏ.டி.வி.கள் பொதுவாகச் சாலைப் பதிவுக்கு உரியன அல்ல. அப்படியானால் 'ஊரைச் சுற்றிக்காட்டும்' பயணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும்?

பயணிகளிடம் ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்குவார்கள்: 'விபத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல.' அந்தத் தாள் கையொப்பமிட்ட இருவருக்கு இடையிலானது. தலையில் புல்லுக்கட்டோடு வரப்பில் வந்த அம்மாவின் கையொப்பம் அதில் இல்லை. அவர் கால் முறிந்தால் ஈடு தருவது யார்? காப்பீட்டு நிறுவனம் இல்லை, பதிவெண் இல்லை, வண்டி ஓட்டியவர் மறுநாள் விமானத்தில் ஏறிவிடுவார். இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் தராத எவரும் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர் என்பேன்.

5.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் மழை பெறும் நிலம் இது. மேலே செம்புறை, அடியில் பாறை. சரிவில் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் பருத்த சக்கரம் உருண்டால் மண் இறுகும், இறுகிய மண்ணில் நீர் இறங்காது, சக்கரத்தடமே வாய்க்காலாகும், அடுத்த மழையில் வாய்க்கால் ஓடையாகும். ரப்பரின் நீர் உறிஞ்சும் வேர்களோ மேல்மண்ணிலேயே பரவியிருப்பவை. சிரட்டையில் பால் குறைந்த பிறகுதான் தோட்டக்காரருக்கு விவரம் புரியும்.

அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்தின் மலையோரமான அம்பூரியில் 2001 நவம்பர் 9 இரவு நிலச்சரிவு ஏற்பட்டு ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அங்கே ஏ.டி.வி. ஓடவில்லை, இரண்டையும் முடிச்சுப்போட மாட்டேன். ஆனால் சரிவில் நீர் செல்லும் வழியோடு விளையாடக் கூடாது என்ற பாடத்தை இந்த வட்டாரம் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. மழைக்காலச் சேற்றையே கவர்ச்சியாக விற்கும் ஒரு தொழில், அந்தப் பாடத்துக்கு நேர் எதிரே நிற்கிறது.

சானல் கரையைத் தடமாக்கலாம் என்ற யோசனையும் வருகிறது. நெய்யாறு இடதுகரைச் சானல் விளவங்கோடு வட்டத்தின் வயல்களுக்கு நீர் கொண்டு சென்ற கால்வாய். 2004 முதல் எல்லைக்கு அப்பால் தண்ணீர் விடப்படவில்லை. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஓர் உழவர் சமூகம் நீருக்காக இன்னும் காத்திருக்கும் கால்வாயின் கரை, மற்றவருக்கு வண்டி ஓட்ட ஏற்ற மேடாகத் தோன்றுகிறது. கரை ஒருமுறை இடிந்தால், தண்ணீர் வரும் நாளில் அதைத் தாங்கக் கரை இருக்காது.

6.

எல்லை என்பதும் இங்கே விற்பனைப் பொருளாகிறது: 'இரு மாநிலங்களை ஒரே சவாரியில் காணுங்கள்.' வரப்பின் இந்தப் பக்கம் கே.எல். 19, அந்தப் பக்கம் டி.என். 75. கேட்கச் சுவைதான். ஆனால் விபத்து நடந்தால் எந்தக் காவல் நிலையம், எந்த வட்டார போக்குவரத்து அலுவலகம், எந்த மாவட்ட ஆட்சியரின் ஆணை? குமரிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகள் இந்த எல்லைச் சாலைகளில் என்ன செய்கின்றன என்பதை இருபுறத்து மக்களும் அறிவர். மிகைபாரம் என்று ஒரு பக்கம் புகார், அது எங்கள் எல்லையில் இல்லை என்று மறுபக்கம் பதில். இருபுற நிர்வாகமும் கைகழுவும் இடமாக எல்லை ஏற்கெனவே பயன்படுகிறது. பதிவெண்ணே இல்லாத வண்டிகளையும் அதே இடைவெளியில் விடுவது அறிவுடைமை ஆகாது.

இன்னொன்று. இந்த எல்லையைக் கோடாக மட்டும் பார்ப்பவர்க்கு அதன் வரலாறு தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எல்லையின் இருபுறமும் ஒரே குடும்பங்கள். பெண் கொடுத்தலும் எடுத்தலும், சந்தையும் கோயிலும் ஆலயமும் இன்றுவரை கோட்டைக் கடந்தே நடக்கின்றன. இந்த ஊர்களைச் 'சீண்டப்படாத வெப்பமண்டலக் கிராமப்புறம்' என்று விளம்பரம் செய்பவர் மனிதரையும் மொழியையும் போராட்டத்தையும் நீக்கிவிட்டுப் பச்சை நிறத்தை மட்டும் விற்கிறார்.

7.

கடைசியாக, பிழைப்பு. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான், இதைத் தட்டிக்கழிக்கலாகாது. 2011இல் ரப்பர் கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டியது. பின்னர் பல ஆண்டுகள் அதன் ஏறத்தாழப் பாதி விலையில் கிடந்தது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் ரப்பரை நம்பி வீடு கட்டக் கடன் வாங்கியவர்கள் நொடித்தனர். பிள்ளைகள் வளைகுடாவுக்குச் சென்றனர். நிலத்திலிருந்து வேறு வருமானம் வேண்டும் என்று நினைப்பது குற்றமன்று.

ஆனால் வருமானம் யாருக்கு? ஏ.டி.வி. ஒன்றின் விலை பல இலட்சம். அதை வாங்குபவர் ஒரு ஏக்கர்க்காரர் அல்லர். வெளியிலிருந்து முதலீட்டோடு வருபவர். ஊர் இளைஞருக்குக் கிடைப்பது நாட்கூலியில் வழிகாட்டி வேலை. மழை அதிகமானால் அதுவும் இல்லை. தடை வந்தால் முற்றிலும் இல்லை. தடம் கொடுத்த தோட்டக்காரருக்கு வாடகை. தடம் கொடுக்காத அண்டை வீட்டாருக்கு இரைச்சலும் சேறும்.

கேரளத்திலேயே வேறு மாதிரி இருக்கிறது. 2008இல் குமரகத்தில் தொடங்கி, 2017இல் தனி இயக்கமாக வளர்ந்த பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில் பயணிகள் நெசவையும் கயிறு திரித்தலையும் ஓலை முடைதலையும் ஊராரின் வீட்டிலேயே கண்டு கற்கின்றனர். பணம் நேரே அந்த வீட்டுக்குச் செல்கிறது. அதிலும் குறைகள் உண்டு. எனினும் நமக்கு என்ன குறைவு? பாலராமபுரத்தின் கைத்தறி இருக்கிறது. ஸ்ரீநாராயண குரு 1888இல் சிவனை நிறுவிய அருவிப்புரம் நெய்யாற்றின் கரையில் இருக்கிறது. அய்யன்காளியின் வெங்ஙானூர் இருக்கிறது. எல்லைப் போராட்டத்தின் நினைவிடங்கள் அப்பால் இருக்கின்றன. இவற்றை இணைத்து, நடந்து செல்லும் வரலாற்றுச் சுற்றுலா ஒன்றை அமைத்தால், வழிகாட்டிக்கு வேண்டியது படிப்பும் இருமொழித் திறனும் மட்டுமே. எல்லைப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டும் இருக்கின்றன. மரச்சீனியும் மீன்கறியும் வைத்து நாலு வீடு சம்பாதிக்கும். நடப்பவரால் எந்த இடவழியும் சிதையாது.

ஆகவே என் நிலைப்பாட்டைச் சுருக்கிச் சொல்கிறேன்.

ஒன்று: பஞ்சாயத்துப் பாதை, ஏலா வரப்பு, சானல் கரை, ஆற்றங்கரை ஆகியவற்றில் ஏ.டி.வி. சுற்றுலா எந்த நிபந்தனையோடும் கூடாது.

இரண்டு: தனியார் தம் நிலத்தை வேலியிட்டு நடத்த விரும்பினால், சமதளத்தில், குடியிருப்புக்கும் நீர்நிலைக்கும் விலகி, மழைமாதங்கள் நீங்கலாக, தொழிலாளர்க்கும் அண்டை வீட்டார்க்கும் காப்பீட்டோடு நடத்தட்டும். உற்பத்தியாளர்களே பதினாறு வயதுக்குக் குறைந்தோர் பெரியவர் வண்டியை ஓட்டக் கூடாதென்று எழுதி ஒட்டியிருக்கின்றனர், அதையாவது மதிக்கட்டும்.

மூன்று: எந்த அனுமதியும் கிராம சபையில் பேசப்பட்ட பிறகே தரப்பட வேண்டும். அந்த அறிவிப்பு மலையாளத்திலும் தமிழிலும் வர வேண்டும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தித் தமிழிலேயே மனு எழுதுங்கள். தமிழிலேயே பதில் கேளுங்கள்.

நான்கு: எல்லையோரத்தில் எந்த அனுமதியும் திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் பொறுப்பை எழுத்தில் பகிர்ந்துகொண்ட பின்னரே வர வேண்டும்.

மாற்றுக் கருத்துடையோர் மறுமொழியில் எழுதலாம், பதில் சொல்கிறேன். ஆனால் எழுதுமுன் உங்கள் வார்டில் உள்ள ஓர் இடவழியின் அகலத்தை அளந்துவிட்டு எழுதுங்கள். அதில் நாள்தோறும் நடப்பவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.